பல் சிகிச்சைக்குப் பயமா? செடேஷன் கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை, படிப்படியாக

பல் டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டு முந்தின நாள் ரத்து செய்கிறீர்கள். வலி மாத்திரையிலேயே மாதங்களை ஓட்டுகிறீர்கள். சின்ன அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய பல் வேர் சிகிச்சை வரை போய்விட்டது. இதெல்லாம் உங்களுக்குப் பொருந்துகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மருந்து கொடுத்துப் பயத்தைக் குறைத்துச் சிகிச்சை செய்ய செடேஷன் என்று ஒன்று இருப்பது பலருக்கும் தெரியும். ஆனால் எந்த வகையைக் கேட்பது, என்னென்ன காகிதம் வேண்டும், எத்தனை மணி நேரம் வெறும் வயிறு, யார் துணைக்கு வர வேண்டும், பில் எதனால் ஏறுகிறது என்பதை ஒருவரே முழுதாகச் சொல்லிக் கேட்பது அரிது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். செடேஷன் பயத்தையும் பதற்றத்தையும் குறைக்கும். வலியைப் போக்குவது ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசிதான். செடேஷன் எடுத்துக்கொண்டாலும் அந்த ஊசி உண்டு. முழு மயக்கத்தில் இருப்பவருக்குக்கூட விழித்த பின் வலிக்காமல் இருப்பதற்காகப் பல நேரம் போடுவார்கள். “தூங்க வைத்துவிடுவோம், ஊசியே தேவையில்லை” என்று யாராவது சொன்னால், எந்த மருந்து, எந்த அளவு மயக்கம் என்று அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

1. எதைக் கண்டு பயம் என்பதைத் தாளில் எழுதுங்கள்

“எனக்குப் பயமாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு வழி தெரியாது. பயத்தின் வேர் வேறு என்றால் அதற்கான வழியும் வேறு.

பயத்தை அளக்க 5 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நாளைக்குச் சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் உட்காரும்போது எப்படி, பல்லை டிரில் செய்யும்போது எப்படி, பல் சுத்தம் செய்யும்போது எப்படி, மேல் கடைவாய்ப் பக்கம் ஈறில் ஊசி போடும்போது எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் 5 முதல் 25க்குள் வரும். 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான பயம். அந்த எண்ணையும், எந்தக் கேள்விக்கு 5 போட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். செடேஷன் தேவையா என்ற பேச்சு அதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஊசிதான் பயம் என்றால், முதலில் ஈறை நன்றாகத் துடைத்து உலர்த்தி மரக்கும் ஜெல் தடவி ஓரிரு நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். மருந்தை மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள். ஊசி குத்துவதை விட மருந்து வேகமாக உள்ளே போவதுதான் பெரும்பாலும் வலிக்கிறது. இந்த இரண்டுமே போதுமானதாகி, செடேஷன் தேவைப்படாமல் போனவர்கள் நிறையப் பேர்.

“போன முறை மரக்கவே இல்லை, வலியோடு செய்தார்கள்” என்பது உங்கள் பயமா? அப்படியானால் செடேஷனைக் கேட்கும் முன் அதைச் சொல்லுங்கள். கீழ்க்கடைவாய்ப் பல்லின் நரம்பு கடுமையாக வீங்கியிருக்கும்போது வழக்கமான ஊசி சரியாக வேலை செய்யாமல் போவது அடிக்கடி நடக்கிறது. அதற்குக் கூடுதல் இடங்களில் ஊசி போடுவது, பல்லைச் சுற்றியுள்ள தசைநாரிலோ எலும்பிலோ மருந்து செலுத்துவது என்று தனி வழிகள் இருக்கின்றன. மரக்காத பல்லோடு அரை மயக்கத்தில் கிடப்பது பயத்தை இன்னும் வளர்க்கும்.

வாயில் கருவி பட்டதும் வரும் குமட்டல்தான் தொல்லை என்றால், மூக்கு மாஸ்க் வழியாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு நன்றாகக் கைகொடுக்கும். மூச்சு முட்டும் பயம் உள்ளவருக்கு அதே நைட்ரஸின் மூக்கு மாஸ்க்கே பிரச்சினையாகலாம். வாயு இல்லாமல் வெறும் மாஸ்க்கை ஒரு நாள் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். கட்டுப்பாடு கையை விட்டுப் போகும் என்பதே பயமென்றால் ஆழ்ந்த மயக்கம் உங்களுக்கு ஆறுதல் தராது. விழிப்போடு இருக்கும் லேசான வகையும், இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவார்கள் என்ற உறுதியும்தான் உங்களுக்கு ஏற்றவை.

2. நான்கு வகைகளையும் பிரித்து அறிந்துகொள்ளுங்கள்

விளம்பரங்களில் “தூக்கப் பல் சிகிச்சை” போன்ற பெயர்கள் இருக்கும். அந்தப் பெயரில் மாத்திரையும் இருக்கலாம், முழு மயக்கமும் இருக்கலாம். பெயரை விடுங்கள். “அந்த நேரத்தில் நீங்கள் கூப்பிட்டால் நான் பதில் சொல்வேனா?” என்று கேளுங்கள். சாதாரணமாகப் பேசினால் பதில் வரும் என்றால் லேசானது. கூப்பிட்டாலோ தட்டினாலோ பதில் வரும் என்றால் நடுத்தரம். திரும்பத் திரும்ப உலுக்கினால்தான் அசைவு வரும் என்றால் ஆழ்ந்தது. எதற்கும் பதில் வராது என்றால் முழு மயக்கம். மயக்கம் ஒரு படி ஆழமானால் மூச்சைக் கவனிக்கும் பொறுப்பும் ஒரு படி கூடுகிறது.

நைட்ரஸ் ஆக்சைடு

சிரிப்பூட்டும் வாயு என்று பலரும் சொல்வது இதைத்தான். மூக்கின் மேல் மாஸ்க் வைத்து, முதலில் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்து, பிறகு நைட்ரஸைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். பெரும்பாலோருக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் போதும். பல் மருத்துவக் கருவிகளில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி பூட்டு இருக்கும். சில நிமிடங்களில் விரல் நுனியில் குறுகுறுப்பு, உடம்பில் இதமான சூடு, கை கால் லேசாவது போன்ற உணர்வு வரும். அதுதான் சரியான அளவு. தலை சுற்றினாலோ, வயிறு புரட்டினாலோ, பேச்சுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போலானாலோ அளவு கூடிவிட்டது என்று பொருள். உடனே சொல்லுங்கள், குறைத்தால் ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

முடிந்ததும் 5 நிமிடமாவது சுத்த ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். ரத்தத்திலிருந்து வெளியேறும் நைட்ரஸ் நுரையீரலில் நிறைந்து ஆக்சிஜனின் இடத்தைக் குறைத்துவிடும் என்பதால் இது. இதைத் தவிர்த்துவிட்டு எழுப்பி அனுப்பினால் தலைவலியும் தள்ளாட்டமும் இருக்கும். மருந்து உடம்பில் தங்காது என்பதுதான் இந்த வகையின் பெரிய பலம். இதை மட்டும் எடுத்துக்கொண்ட பெரியவர்களைப் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தனியாகவே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இது வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம் வாய் வழியாக மூச்சு விடுவதும் பேசிக்கொண்டே இருப்பதும். மூக்கடைப்போடு போனால் பணமும் நேரமும் வீண். சளி பிடித்தால் தேதியை மாற்றிவிடுங்கள். கண்ணின் உட்புறம் வாயுக் குமிழி வைத்து அறுவை செய்தவர்கள், அண்மையில் நடுக்காது அறுவை செய்தவர்கள், நுரையீரல் உறையில் காற்று சேர்ந்தவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பத்தின் முதல் 3 மாதத்தில் இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டியிருக்கும். கண் அறுவை செய்தவர்கள் தாங்களாகச் சொல்லாவிட்டால் பல் மருத்துவமனையில் யாரும் கேட்கத் தோன்றாமலே போகலாம். கண்ணில் உள்ள குமிழி நைட்ரஸால் விரிந்தால் பார்வையே போய்விடலாம்.

மாத்திரை

டயசிபம், லோரசிபம், டிரையசோலம் போன்றவை இந்த வகை. சிகிச்சைக்கு ஏறத்தாழ 1 மணி நேரம் முன்பு விழுங்கச் சொல்வார்கள். இரவெல்லாம் தூக்கம் வராதவருக்கு முந்தின இரவும் ஒன்று எழுதுவதுண்டு. டிரையசோலம் சில மணி நேரத்தில் விட்டுவிடும். டயசிபமும் அதன் விளைபொருளும் உடம்பில் நாள் கணக்கில் தங்கும். இரண்டுக்கும் மறுநாள் எப்படி இருக்கும் என்பதில் நிறைய வேறுபாடு உண்டு. அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டியவர் இதை முன்பே சொல்ல வேண்டும்.

மாத்திரையின் பலவீனம், அளவைக் கூட்டிக் குறைக்க முடியாதது. ஒருவருக்கு ஒன்றுமே தெரியாது, இன்னொருவர் அதே அளவில் அசந்து தூங்கிவிடுவார். “இன்னும் பிடிக்கவில்லையே” என்று நீங்களாக இரண்டாவது மாத்திரையைப் போட்டால், இரண்டும் சேர்ந்து உச்சம் தொடும்போது மூச்சு குறையலாம். வீட்டில் மிச்சமிருக்கும் இன்னொருவருடைய தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய் நாற்காலியில் உட்காருவது இதை விட ஆபத்து. அங்கே டாக்டர் வேறு மருந்து கொடுத்தால் இரண்டும் சேர்ந்துவிடும்.

பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், ஆண்டிபயாட்டிக்கான கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், கிரேப்ஃப்ரூட் சாறு ஆகியவை டிரையசோலமும் மிடசோலமும் உடம்பில் சிதைவதைத் தடுக்கும். வழக்கமான அளவே பல மடங்காக வேலை செய்யலாம். பல் தொற்றுக்கு ஆண்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருப்பவர் அதன் பெயரை அவசியம் சொல்ல வேண்டும். ஓபியாய்டு என்ற, அபின் குடும்பத்தைச் சேர்ந்த வலி மாத்திரையும் மதுவும் இந்த மருந்துகளோடு சேரவே கூடாது.

நரம்பு வழி

கையின் ரத்த நாளத்தில் கேனுலா என்ற சிறிய குழாயைப் போட்டு, பெரும்பாலும் மிடசோலம் என்ற மருந்தைச் சிறு சிறு அளவாகச் செலுத்துவார்கள். பெரியவருக்கு ஒரு முறைக்கு 1 மில்லிகிராம் அளவில் கொடுத்து, ஓரிரு நிமிடம் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்தது. வயதானவருக்கு அதிலும் குறைவாக, இன்னும் மெதுவாக. நாக்குக் குழறி, இமை கனத்து, கூப்பிட்டால் மெல்லப் பதில் சொல்லும் நிலை வந்ததும் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் நடந்ததில் பெரும்பகுதி பிறகு நினைவில் இருக்காது. கடும் பயம் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: பழகிய கை செலுத்தினால் மாத்திரையை விட இது பாதுகாப்பானது, அளவு ஒவ்வொரு துளியிலும் டாக்டர் கையில் இருக்கிறது.

ஊசிக்கே பயப்படுகிறவர் எப்படிக் கேனுலா போட்டுக்கொள்வது? புறங்கையில் மரக்கும் க்ரீமைத் தடவி மேலே ஒட்டு போட்டு ஏறத்தாழ 1 மணி நேரம் விட வேண்டும். அல்லது முதலில் நைட்ரஸ் கொடுத்து, இதமான பிறகு கேனுலா போடலாம். இரண்டையும் முன்கூட்டியே கேட்டால்தான் ஏற்பாடு செய்வார்கள்.

மிடசோலத்தின் நல்ல பிடி ஏறத்தாழ அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ஊசி, பல் எடுப்பது, டிரில் போன்ற கடினமான பகுதியை அந்த நேரத்துக்குள் முடிக்கத் திட்டமிடுவார்கள். நீண்ட வேலை என்றால் ஒரே நாளில் முடியுமா என்று கேளுங்கள். புரோபோஃபால், கீட்டமின் போன்ற மருந்துகள் பயன்படுத்தப் போவதாகச் சொன்னால், பல் வேலையில் கை வைக்காத மயக்க மருந்து நிபுணர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அதில் சமரசம் வேண்டாம்.

முழு மயக்கம்

மருத்துவமனையில், மயக்க மருந்து நிபுணரின் கையில், மூச்சுக் குழாய் போட்டுச் செய்வது. மற்ற வழிகள் பலிக்காதவர்கள், ஒத்துழைக்க முடியாத நிலையில் உள்ளவர்கள், பெரிய அறுவை வேண்டியவர்களுக்கு. பயம் என்ற ஒரே காரணத்துக்காக நேரே இங்கே வருவது நல்லதல்ல. அடுத்த அடைப்புக்கும் இதையே தேட வேண்டிவரும்.

3. காகிதங்களைத் திரட்டுங்கள்

முதல் சந்திப்புக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை:

- இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல், மில்லிகிராம் அளவோடு. நாட்டு மருந்து, தூக்கத்துக்கு எடுக்கும் மூலிகை, எப்போதாவது போடும் மாத்திரை எல்லாமே. எழுத முடியாவிட்டால் மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.
- மருந்து ஒவ்வாமை விவரம்.
- முன்பு செய்த அறுவைகளின் டிஸ்சார்ஜ் சுருக்கம், மயக்க மருந்தில் சிக்கல் வந்திருந்தால் அதன் குறிப்பு. ரத்த உறவினர் யாருக்காவது மயக்க மருந்தில் ஆபத்து வந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.
- இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், வலிப்பு, சர்க்கரை நோய் இருந்தால் அந்த டாக்டரின் கடிதம். கடிதத்தில் “செடேஷனுக்குத் தகுதியானவர்” என்ற ஒற்றை வரி போதாது. நோய் இப்போது கட்டுக்குள் இருக்கிறதா, எந்த மருந்தை அன்று எடுக்கலாம், எதை நிறுத்தலாம் என்று எழுதி வாங்குங்கள்.
- பல் எக்ஸ்ரே ஏற்கனவே எடுத்திருந்தால் அதுவும்.
- காப்பீட்டு அட்டை, அடையாள அட்டை.

இவற்றை வைத்து டாக்டர் உங்களை ஏஎஸ்ஏ வகைப்பாட்டில் (உடல்நிலையை எண்ணால் தரம் பிரிக்கும் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்கள் சங்கத்தின் முறை) வைப்பார். முழு ஆரோக்கியம் என்றால் 1, நன்கு கட்டுக்குள் உள்ள லேசான நோய் என்றால் 2. இந்த இரு வகையினருக்கும் பல் மருத்துவமனையிலேயே செய்யலாம். 3 என்றால் தனியாக யோசிக்க வேண்டும், பெரிய மருத்துவமனை நல்லது. 4 என்றால் பெரிய மருத்துவமனைக்கு வெளியே செய்யவே கூடாது.

பலர் மறைக்கும், அல்லது சொல்லத் தேவையில்லை என்று நினைக்கும் ஒன்று குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவருக்கு செடேஷனில் தொண்டை எளிதில் அடைத்துக்கொள்ளும். சத்தமான குறட்டை, பகலில் தூங்கி விழுவது, தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், உடல் பருமன், 50 வயதுக்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்ற 8 அம்சங்களில் 3 அல்லது அதற்கு மேல் பொருந்தினால் அவசியம் சொல்லுங்கள். உங்கள் குறட்டை உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

மதுப் பழக்கம், கஞ்சா, புகை பற்றியும் உண்மையைச் சொல்லுங்கள். தினமும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு பிடிக்காது. அது தெரியாமல் அளவை ஏற்றிக்கொண்டே போனால் ஆபத்து. எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ செமாகுளுடைடு போன்ற வார ஊசி போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். வயிறு காலியாக நேரமாகும் என்பதால் பட்டினிக் கணக்கே மாறிவிடும். கர்ப்பம், தாய்ப்பால், தசைச் சோர்வு நோயான மயஸ்தீனியா, குறுங்கோணக் கண் அழுத்தம் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

4. முதல் சந்திப்பில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

சிகிச்சை இல்லாத, பேச்சுக்கு மட்டுமான சந்திப்பாக இது இருக்கட்டும். தேதி வாங்கும்போதே அப்படிச் சொல்லிவிடுங்கள். அன்றே நாற்காலியைச் சாய்த்துவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் போகலாம்.

மிக முக்கியமான கேள்வி: “சிகிச்சை நடக்கும்போது என் மூச்சைக் கவனிப்பது யார்? அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை உண்டா?” பல்லைக் குடைந்துகொண்டிருப்பவர் மானிட்டரையும் பார்ப்பார் என்ற பதில் நடுத்தர செடேஷனுக்கே போதாது. பயிற்சி பெற்ற இன்னொருவர் வேண்டும்.

அடுத்தது கருவிகள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் ரத்த அழுத்தக் கருவியும் நரம்பு வழி செடேஷனுக்குக் கட்டாயம். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் இன்னும் நல்லது. கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும்போது மூச்சு நின்ற பிறகும் ஆக்ஸிமீட்டர் எண் சிறிது நேரம் இறங்காமல் இருக்கும், கேப்னோகிராஃப் உடனே காட்டிவிடும். ஆக்சிஜன் சிலிண்டர், மூச்சு கொடுக்கும் பையும் மாஸ்க்கும், உறிஞ்சு கருவி, மிடசோலத்தை முறிக்கும் ஃப்ளூமசெனில், ஓபியாய்டை முறிக்கும் நாலாக்சோன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளனவா என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவமனையில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள், அலமாரியைத் திறந்தே காட்டுவார்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒப்புதல் படிவத்தை அன்றே வாங்கி வீட்டில் படியுங்கள். எந்தப் பல், என்ன சிகிச்சை, எந்த வகை செடேஷன், நடுவில் திட்டம் மாறினால் என்ன செய்ய அனுமதிக்கிறீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். மருந்து ஏறிய பிறகு போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. சிகிச்சை நடுவில் “இந்தப் பல்லையும் எடுத்துவிடலாமா” என்று கேட்டு நீங்கள் தலையாட்டினாலும் அது ஒப்புதல் ஆகாது.

5. செலவு எப்படிக் கூடுகிறது

நைட்ரஸ் பொதுவாக மலிவு. முறைக்கு இவ்வளவு என்றோ, நேரக் கணக்கிலோ வாங்குவார்கள். மாத்திரையின் விலை சொற்பம், ஆனால் கண்காணிப்புக் கட்டணம் சேரும். நரம்பு வழிக்குப் பெரும்பாலும் முதல் பகுதி நேரத்துக்கு ஒரு தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் கூடுதல். முழு மயக்கத்தில் மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம், படுக்கைக் கட்டணம், ரத்தப் பரிசோதனை எல்லாம் தனித்தனி பில்லாக வரும். பல் டாக்டர் சொல்லும் தொகையில் இவை இல்லாமல் இருப்பதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது.

எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். பல் சிகிச்சை தனி, செடேஷன் தனி, கலந்தாலோசனை தனி என்று பிரித்து இருக்க வேண்டும். நேரம் கூடினால் எவ்வளவு, வெறும் வயிற்றோடு வராததால் அன்று தள்ளிப்போனால் எவ்வளவு, எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் ரத்துக் கட்டணம் கிடையாது என்ற மூன்றையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

பல காப்பீடுகள் பல் சிகிச்சையை ஏற்றாலும் செடேஷனை ஏற்பதில்லை. ஏற்கும் திட்டங்களும் முன் அனுமதி கேட்கும். டாக்டரின் கடிதத்தில் “நோயாளி பயப்படுகிறார்” என்று மட்டும் இருந்தால் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். பய அளவுகோல் மதிப்பெண், செடேஷன் இல்லாமல் முயன்று பாதியில் நின்ற தேதிகள், உடல் அல்லது மனநலக் காரணங்கள், செடேஷன் இல்லாவிட்டால் பல்லுக்கு என்ன ஆகும் என்பவை இருந்தால் கடிதம் வலுவாகும். அனுமதி வந்த பிறகே தேதியை உறுதி செய்யுங்கள். முடிந்த சிகிச்சைக்குப் பின்னால் அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

6. முந்தின நாளும் அன்று காலையும்

ஆழ்ந்த செடேஷனுக்கும் முழு மயக்கத்துக்கும் பொதுவான பட்டினிக் கணக்கு: லேசான உணவும் பாலும் 6 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும், எண்ணெயில் பொரித்ததும் கொழுப்பு மிகுந்ததும் 8 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். பால் கலந்த காபி உணவுக் கணக்கில் சேரும், தண்ணீர்க் கணக்கில் சேராது. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தவறி, அன்றைய தேதியை இழக்கிறார்கள். மிடசோலம் மட்டும் தரும் சில இடங்களில் லேசான உணவை அனுமதிப்பதுண்டு. உங்களுக்கு எழுதிக் கொடுத்ததையே பின்பற்றுங்கள். நைட்ரஸுக்குப் பொதுவாகப் பட்டினி தேவையில்லை, ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனால் வாந்தி வரும்.

2 மணி நேர எல்லை வரை தண்ணீர் குடியுங்கள். உடம்பில் நீர் வற்றினால் கேனுலா போட ரத்த நாளம் எளிதில் கிடைக்காது, இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டிவரும்.

ரத்த அழுத்த மாத்திரையில் சிலவற்றை ஒரு வாய் தண்ணீரோடு எடுக்கச் சொல்வார்கள், சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். பெயர் வாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் காலையின் முதல் நேரத்தை வாங்குங்கள். பட்டினி கிடந்துகொண்டு வழக்கமான இன்சுலினைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும், அந்த மயக்கத்தை செடேஷன் மயக்கம் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

கை மடிக்க வசதியான தளர்ந்த சட்டை போடுங்கள். நகப்பூச்சை ஒரு விரலிலாவது அழித்துவிடுங்கள், ஆக்ஸிமீட்டர் சரியாகப் படிக்கும். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். உள்ளே போகும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

துணைக்கு வருபவர் வயது வந்தவராக, அன்று முழுவதும் வேறு வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். கொண்டுபோய் விட்டுவிட்டு, போன் செய்தால் வருகிறேன் என்பவர் போதாது. வாடகை வண்டி ஓட்டுநர் துணையாக மாட்டார். நைட்ரஸ் தவிர மற்ற எல்லா வகைக்கும் துணை இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்பத்தான் வேண்டும்.

7. நாற்காலியில்

நிறுத்தச் சொல்லும் கைச் சைகையை மருந்து ஏறும் முன் ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். அரை மயக்கத்தில் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்பதால் கடைவாயில் ரப்பர் தாங்கி வைப்பார்கள், பயப்பட வேண்டாம். ஈறு மரத்ததா என்று சோதித்த பிறகே பல்லில் கை வைக்க வேண்டும். மருந்து ஏறிய நிலையில் நீங்கள் வலியைத் தெளிவாகச் சொல்ல முடியாது, அதனால் இந்தச் சோதனை வழக்கத்தை விட முக்கியம்.

8. குழந்தைக்கு என்றால்

சொன்னதைப் புரிந்துகொண்டு மூக்கால் மூச்சு விடும் குழந்தைக்கு நைட்ரஸே முதல் தேர்வு. வீட்டிலேயே செடேஷன் மருந்தைக் கொடுத்துக் கூட்டிவரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வழியில் மூச்சு தடைபட்டால் பார்க்க யாரும் இல்லை. குழந்தையை அன்று காலை எடை போட்டார்களா என்று கவனியுங்கள். செடேஷன் மருந்தும் மரத்துப்போகும் ஊசியும் எடைக்கு இத்தனை என்று கணக்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் வாயின் நான்கு பக்கமும் ஊசி போட்டால் அந்த எல்லையைத் தாண்டுவது மிக எளிது.

ஆழ்ந்த செடேஷன் என்றால், குழந்தையைக் கண்காணிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட, மயக்க மருந்தில் தேர்ந்த ஒருவர் தனியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ, குழந்தைப் பல் மருத்துவ அகாடமிகளின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதையே கேளுங்கள்.

திரும்பும்போது காரில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். குழந்தை தூங்கிவிட்டால் தலை முன்னால் சாய்ந்து மூச்சுக்குழாய் மடங்கும். ஓட்டுபவரால் அதைக் கவனிக்க முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

9. வீட்டுக்கு வந்த பின் 24 மணி நேரம்

நைட்ரஸ் மட்டும் எடுத்தவர்கள் தவிர மற்றவர்களைக் கடைசி மருந்துக்குப் பிறகு பொதுவாக 1 மணி நேரமாவது அங்கேயே வைத்திருப்பார்கள். தள்ளாடாமல் நடந்தால்தான் அனுப்ப வேண்டும். மிடசோலத்தை முறிக்க ஃப்ளூமசெனில் கொடுத்திருந்தால் இன்னும் அதிக நேரம் இருக்க வேண்டும். முறிமருந்து சீக்கிரம் தீர்ந்து, பழைய மயக்கம் திரும்பலாம்.

மருந்துக்குப் பின் எவ்வளவு தெளிவாக உணர்ந்தாலும் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, இயந்திரம் இயக்குவது, அடுப்பருகே தனியாக நிற்பது, குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்வது, பத்திரத்தில் கையெழுத்து, பணப் பரிமாற்றம், மது எதுவும் வேண்டாம். டாக்டர் சொல்லும் குறிப்புகள் உங்களுக்கு நினைவிருக்காது. துணைக்கு வந்தவரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

உதடும் நாக்கும் மரத்திருக்கும் வரை மெல்லும் உணவும் சூடான பானமும் கூடாது. தெரியாமலே உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது குழந்தைகளிடம் மிக அதிகம். வலிக்கு எழுதிய மாத்திரையில் ஓபியாய்டு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் எப்போது தொடங்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தூங்குபவரை எழுப்ப முடியாவிட்டாலோ, மூச்சு திணறலாகவோ விட்டு விட்டோ வந்தாலோ, உதடு நீலமானாலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். பல் மருத்துவமனைக்குப் போன் செய்து காத்திருக்காதீர்கள். வாந்தி நிற்காவிட்டாலோ ரத்தக் கசிவு அடங்காவிட்டாலோ அவர்களை அழைக்கலாம்.

10. அடுத்த முறைக்கு

செடேஷன் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம், எத்தனை நிமிடம், ஆக்சிஜன் அளவு எவ்வளவு வரை இறங்கியது, தெளிய எவ்வளவு நேரம் ஆனது என்பவை அதில் இருக்கும். வேறு டாக்டரிடம் போனாலும் அதைப் பார்த்து அளவைச் சரியாக முடிவு செய்யலாம்.

பெரிய வேலை முடிந்த சில வாரத்தில், பல் சுத்தம் செய்வது போன்ற வலியில்லாத ஒன்றுக்கு நைட்ரஸோடு மட்டும் ஒரு தேதி வாங்குங்கள். அது நன்றாகப் போனால் அதற்கடுத்ததை மரக்கும் ஜெல்லும் கைச் சைகையும் மட்டும் வைத்து முயலலாம். பயம் வேரோடியிருந்தால், பல் பயத்துக்கென்று நடத்தப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு அதே டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். செடேஷன் தேதிகளுக்கு இடையிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.